தன்னை அறிவிக்க இயலாக் குவியன்: கணினியிற் சாதன விவரணம் வளர்ந்த வரலாறு

ஒரு பொருளை அறிதற்குரிய வழியை அளவை என்பர் தருக்க நூலார். காண்டல், கருதல், உரை என அளவை மூன்று. கண்முன் நிற்கும் பொருளை நேரே அறிதல் காண்டல். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்தல் கருதல். அறிந்தோர் சொல்லக் கேட்டு அறிதல் உரை. மனிதனுடைய அறிவை ஆராய்தற்கு வகுக்கப்பட்ட இப்பாகுபாடு, கணினி தன் உறுப்புகளை அறிந்துகொண்ட வரலாற்றுக்கும் வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றது.

கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஆண்டு நடத்தும் மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்கின்றோம். விண்டோஸ், லினக்ஸ் முதலியன அவ்வகையின. அம்முறைமை ஒவ்வோர் உறுப்பையும் நேரே ஆள்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய சாதன இயக்கி என்னும் நிரலை ஏவி, அதன் வழியாகவே ஆள்கின்றது. எந்த இயக்கியை ஏவுவது என்று துணியுமுன், எந்த உறுப்பு உள்ளது என்று அது தெரிந்திருத்தல் வேண்டும். அத்தெரிவு எங்கிருந்து வருகின்றது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். அதனைப் பொதுப்படக் கூறாது, சுற்றுப்பலகையில் நிலையாகப் பற்றவைக்கப்பட்ட யூ.எஸ்.பி. குவியன் என்னும் ஒரு சிறு சில்லை எடுத்துக்கொண்டு நோக்குவாம். பொருள் சிறிதே, ஆயினும் அது எழுப்பிய வினாவுக்கு எல்லாரும் ஏற்கும் விடை காண்பதற்குப் பொறியியலார்க்கு ஏறக்குறையப் பத்தாண்டு சென்றது.

கருதலின் காலம்

1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி வெளிவந்தது. அதனுள்ளே செருகப்பட்ட அட்டைகளுக்குத் தம்மைப் பற்றிக் கூறும் ஆற்றல் இல்லை. அட்டையின் முகவரி இன்னது, அது செயலியை அழைக்கும் கம்பி இன்னது என்பவற்றை, அட்டையிலிருந்த சிறு ஆளிகளையும் இணைப்பு ஊசிகளையும் மாற்றிமாற்றி மனிதனே அமைத்தல் வேண்டும். அமைத்ததனைப் பின்னர் மென்பொருளுக்கும் அறிவித்தல் வேண்டும். இரண்டு அட்டைகள் ஒரே முகவரியைப் பெற்றுவிடின் இரண்டும் செயலிழக்கும்.

இவ்வறிவிப்பைத் தவிர்க்கும் பொருட்டு மென்பொருளாளர் கருதலை நாடினர். 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் ஆரம்பகால இயக்கிகள் பல, அட்டை இருக்கக்கூடிய முகவரிகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சில எண்களை எழுதி, வரும் மறுமொழியைக் கொண்டு இன்ன அட்டை உளது என்று ஊகித்தன. ஊகம் சில வேளைகளிற் பிழைத்தது. வேறோர் அட்டையின் முகவரியில் எழுதப்பட்ட எண் அவ்வட்டையைத் தடுமாறச் செய்து, கணினி முழுவதையும் உறையவைத்தலும் உண்டு.

1992 இல் வெளியான பி.சி.ஐ. முறை இந்நிலையை மாற்றியது. ஒவ்வோர் அட்டையும் தன்னை ஆக்கியவர் எண்ணையும் தன் வகை எண்ணையும் தன்னுள்ளே தாங்கி நின்றது. கேட்டவுடன் அவற்றைக் கூறியது. 1995 இல் விண்டோஸ் 95 வெளிவந்தபோது, செருகியவுடன் இயங்குதல் என்னும் எண்ணம் பொதுமக்களிடையும் பரவியது. கருதலின் இடத்தைக் காண்டல் பெறத் தொடங்கியது.

காண்டலின் வெற்றி

அவ்வெண்ணத்தின் முதிர்ந்த வடிவமே யூ.எஸ்.பி. அதன் முதற் பதிப்பு 1996 ஜனவரியில் வெளியானது. கொம்பாக், டி.ஈ.சி., ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசொப்ட், என்.ஈ.சி., நோர்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் அதனை வகுத்தன. இன்டெல் நிறுவனத்தில் அப்பணியில் முன்னின்ற அஜய் பட் இந்தியாவிலே பரோடாப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். 2000 ஆம் ஆண்டில் வெளியான இரண்டாம் பதிப்பு செக்கனுக்கு 480 மெகாபிற்று வேகத்தையும், 2008 இல் வெளியான மூன்றாம் பதிப்பு 5 கிகாபிற்று வேகத்தையும் அளித்தன.

யூ.எஸ்.பி.யில் ஒரு சாதனம் தன்னை அறிவிக்கும் முறை அழகியது. சாதனத்தைச் செருகியவுடன் கம்பியின் வழியே 5 வோல்ட் மின் பாய்கின்றது. மின்பெற்ற சாதனம் இரண்டு தரவுக் கம்பிகளுள் ஒன்றன் மின்னழுத்தத்தை உயர்த்தி, தான் வந்திருப்பதைக் காட்டுகின்றது. கணினி அதனை மீளமைத்து, பூச்சியம் என்னும் பொது முகவரியில் அழைத்து, நீ யார் என வினவுகின்றது. சாதனம் 18 பைற்று நீளமுடைய ஒரு விவரக் குறிப்பினை விடையாக அனுப்புகின்றது. ஆக்கியவர் எண்ணும் பொருள் எண்ணும் அதனுள் அடங்கும். கணினி அதற்குத் தனி முகவரி ஒன்று வழங்கி, எண்களுக்கேற்ற இயக்கியை ஏவுகின்றது. முகவரி 7 பிற்று நீளமுடையது. பூச்சியம் நீங்க 127 முகவரிகள் எஞ்சும். இவ்வெண்களை நன்னூலார் கூறும் இடுகுறிப் பெயர்க்கு ஒப்பிடலாம். எண்ணைக் கொண்டு பொருளின் இயல்பை உணர்தல் இயலாது. இட்டவர் இட்டவாறே கொள்ளுதல் வேண்டும்.

ஒரு வாயிலைப் பல வாயில்களாகப் பெருக்கித் தருவது ஹப் என வழங்கும் குவியன். குவியனும் ஒரு யூ.எஸ்.பி. சாதனமே, ஏனையவற்றைப் போலத் தன்னைத் தானே அறிவிப்பது. ஆகவே யூ.எஸ்.பி.யைப் பொறுத்தவரை உரை என்னும் அளவைக்கு இனி வேலையில்லை என்றே பலரும் எண்ணினர். இவ்வெண்ணத்துக்கே அச்சிறு சில்லு இடையூறு விளைத்தது.

பலகையில் ஒட்டிய குவியன்

கைப்பேசிகளுக்கென ஆக்கப்பட்ட செயலிகளிற் பல, ஒன்றிரண்டு யூ.எஸ்.பி. வாயில்களையே உடையன. அச்செயலிகளைக் கொண்டு சிறு பலகைக் கணினிகளை ஆக்க முற்பட்டோர், பலகையிலேயே ஒரு குவியனைப் பற்றவைத்து வாயில்களைப் பெருக்கினர். 2010 இல் வந்த பாண்டாபோர்ட் அத்தகையது. 2012 பெப்ரவரியில் வெளியாகிப் பள்ளிக்கூடங்கள் தோறும் பரவிய ராஸ்பெரி பை கணினியும் அத்தகையது. அதன் பி வகைப் பலகையில் இருந்த லான் 9512 என்னும் சில்லு, குவியனும் ஈதர்நெட் வலையமைப்புச் சாதனமும் ஒன்றாயமைந்தது. அப்பலகையில் வலைக்கம்பியைச் செருகிய மாணாக்கன், தான் அறியாமலே யூ.எஸ்.பி.யின் வழியாக உலகத்தோடு உரையாடினான்.

கடையில் வாங்கிச் செருகும் குவியனுக்கும் பலகையில் ஒட்டிய குவியனுக்கும் உள்ள வேறுபாடு யாதெனின், மின்பெறும் முறையே. முன்னையதைச் செருகுபவன் மனிதன். செருகிய கணமே மின் பாயும். சில்லு விழித்துப் பேசும். பின்னையதோ பெரும்பாலும் பலகையிலுள்ள ஒரு மின்னழுத்தச் சீராக்கியிடமிருந்து 3.3 வோல்ட் மின்னைப் பெறுவது. பல பலகைகளில் அச்சீராக்கியைத் திறந்து மூடும் அதிகாரம் செயலியிடம் உள்ளது. சில குவியன்களுக்கு வெளியிலிருந்து கடிகாரத் துடிப்பும் வேண்டும். மீளமைப்புக் கம்பி ஒன்று உண்டு. மின் நிலைபெற்ற பின்னரே, குறித்த இடைவெளி விட்டு, அதனை விடுவித்தல் வேண்டும். இவை முறையாக நிகழுமுன் குவியன் ஊமையாகக் கிடக்கும்.

எனவே ஒரு வட்டம் உண்டாகின்றது. இயக்கி வந்தாலன்றிக் குவியனுக்கு மின் இல்லை. மின் வந்தாலன்றிக் குவியன் தன்னை அறிவியாது. அறிவித்தாலன்றி இயக்கி வாராது. வித்து முந்தியோ மரம் முந்தியோ என்னும் பழைய வினாவே இங்கும் எழுகின்றது. பேசத் தெரிந்த பொருளேயாயினும், வாய் திறக்குமுன் அதனை எழுப்புவார் ஒருவர் வேண்டும். எழுப்புவார்க்கு அது அங்கே துயில்கின்றது என்று சொல்வார் ஒருவரும் வேண்டும். காண்டலுக்கு முன்னே உரை வேண்டப்படுகின்றது.

சாதன மரம்

இவ்வுரையை எங்கே எழுதிவைப்பது? தொடக்கத்தில், ஏ.ஆர்.எம். செயலிகளுக்குரிய லினக்ஸில், ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு நிரற் கோப்பு எழுதப்பட்டது. பாண்டாபோர்ட்டின் குவியனுக்கு மின் கொடுக்கும் கம்பி இன்னது, மீளமைக்கும் கம்பி இன்னது என்பவை அப்பலகைக்குரிய கோப்பிலே நிரல்மொழியில் எழுதப்பட்டிருந்தன. வழி எளியதுதான், ஆயினும் பலகைகள் பெருகப்பெருக, ஏறக்குறைய ஒரே தன்மையவான கோப்புகள் லினக்ஸினுள் மலைபோற் குவிந்தன. 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் இக்குழப்பத்தைக் கடுஞ்சொற்களாற் கண்டித்தார். அக்கண்டனம் ஏ.ஆர்.எம். லினக்ஸின் வரலாற்றிலே ஒரு திருப்பம் எனலாம்.

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியிருக்கவில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1989 இல் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் கணினியில், மிச் பிராட்லி என்பார் வகுத்த ஓப்பன்பூட் என்னும் தொடக்க மென்பொருள் இருந்தது. கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஒரு மரமாக விவரித்துப் பணிசெயல் முறைமையிடம் கையளிப்பது அதன் பணிகளுள் ஒன்று. 1994 இல் அது ஐ.இ.இ.இ. 1275 என்னும் நியமமாயிற்று. ஆப்பிள் நிறுவனத்தின் பவர் மக்கின்டோஷ் கணினிகளிலும் இடம்பெற்றது. 2005 அளவில், பவர்பிசி லினக்ஸில் உழைத்த பெஞ்சமின் ஹெரன்ஷ்மிட் முதலியோர், முழுத் தொடக்க மென்பொருளும் இல்லாத சிறு கணினிகளுக்காக, அம்மரத்தைச் சுருக்கி ஒரே கோப்பாக அளிக்கும் முறையை வகுத்தனர். 2011 இன் பின்னர் ஏ.ஆர்.எம். லினக்ஸும் இம்முறையைக் கைக்கொண்டது. கிராண்ட் லைக்லி இம்மாற்றத்தில் முன்னின்றார். 2012 டிசம்பரில் 3.7 ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்ட 64 பிற்று ஏ.ஆர்.எம். பகுதி, பலகைக் கோப்பு என்பதே இன்றிச் சாதன மரத்தோடு பிறந்தது. மேசைக் கணினிகளில் இதே பணியை 1996 இல் வகுக்கப்பட்ட ஏ.சி.பி.ஐ. அட்டவணைகள் செய்தன, இன்ன யூ.எஸ்.பி. வாயில் பயனர்க்குத் தெரியும் இடத்தது, இன்னது தெரியாதது என்று கூறும் பகுதிகளும் அவற்றில் உண்டு.

சாதன மரத்தில் ஒவ்வோர் உறுப்பும் ஒரு கணு. கணுவுக்குப் பண்புகள் உண்டு. இன்ன சில்லோடு ஒத்தியல்வது என்பது ஒரு பண்பு. இன்ன சீராக்கியிடம் மின்பெறுவது என்பது மற்றொன்று. மரத்தின் தலையாய விதி, அது உள்ள பொருளை உள்ளவாறு விவரித்தல் வேண்டும் என்பது. மென்பொருள் இதனைச் செய்க, இதனைத் தவிர்க்க என்று ஏவுதல் மரத்தின் வேலையன்று. ஒரே மரத்தை லினக்ஸும் படிக்கும், ஃப்ரீ.பி.எஸ்.டி.யும் படிக்கும். இன்றைய இயக்கிக்காக எழுதப்பட்ட ஏவல் நாளை பிழையாகலாம். பலகையைப் பற்றிய உண்மை, பலகை உள்ளளவும் உண்மையே.

தற்காலிக வழிகள்

ஆயினும் குவியனுக்கு இம்மரத்தில் உடனே இடம் கிடைக்கவில்லை. தம்மை அறிவிக்க இயலாதவற்றுக்கே மரம், யூ.எஸ்.பி. சாதனங்களோ தம்மை அறிவிப்பன. ஆதலின் அவற்றுக்குக் கணு வேண்டாம் என்பது பொதுக் கருத்தாயிருந்தது. இதனால் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய வழியை நாடினர்.

சிலர் குவியனின் சீராக்கியை எக்காலமும் திறந்திருப்பது என மரத்தில் எழுதினர். குவியன் விழித்தது, ஆயினும் உரை பொய்த்தது. மூடக்கூடிய சீராக்கியை மூடலாகாதது என்று கூறியதன் பயனாக, மடிக்கணினி துயிலும் வேளையிலும் குவியன் மின்கலத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. வேறு சிலர் குவியனின் மின்வழியைக் கட்டுப்படுத்தியின் மின்வழி என்று மாற்றி எழுதினர். அதுவும் உண்மையன்று. 2013 இல் யூ.எஸ்.பி. 3503 என்னும் குவியனுக்கும், 2017 இல் யூ.எஸ்.பி. 251 வரிசைக் குவியன்களுக்கும் தனித்தனி இயக்கிகள் லினக்ஸிற் சேர்க்கப்பட்டன. அவை தத்தம் சில்லுக்குப் பயன்பட்டன. ஆயின் ஒவ்வொரு குவியனுக்கும் ஒவ்வோர் இயக்கி எழுதுவது பழைய பலகைக் கோப்பின் நோயை வேறு வடிவிற் கொணர்வதாகும்.

2016 இல் ஒரு முன்னேற்றம் உண்டாயிற்று. ஓப்பன் ஃபேம்வெயர் வகுத்தோர், யூ.எஸ்.பி. சாதனத்தை மரத்தில் எழுதும் முறைபற்றி முன்னரே ஒரு பரிந்துரை நூல் செய்திருந்தனர். அதன் வழிநின்று, பலகையில் நிலையாக அமைந்த யூ.எஸ்.பி. சாதனங்களை மரத்தில் எழுதும் முறையைப் பீற்றர் சென் என்னும் பொறியியலாளர் லினக்ஸ் ஆவணங்களிற் சேர்த்தார். இதன்படி கணுவின் ஒத்தியல்புப் பண்பிலே ஆக்கியவர் எண்ணும் பொருள் எண்ணும் எழுதப்படும். எந்த வாயிலில் உள்ளது என்பதும் குறிக்கப்படும். ராஸ்பெரி பையின் பிற்கால மரத்தில், 424, 9514 என்னும் எண்களுடைய குவியனும், அதன் முதல் வாயிலில் ஈதர்நெட் சாதனமும் இவ்வாறே எழுதப்பட்டுள்ளன. அப்பலகையில் ஈதர்நெட் முகவரியைச் சேமித்து வைக்கும் நினைவகச் சில்லு இல்லை. தொடக்க மென்பொருள் அம்முகவரியை அந்தக் கணுவில் எழுதிவைக்க, இயக்கி அதனைப் படித்துக்கொள்கின்றது. தன் எண்ணைத் தானே கூறவல்ல சாதனம், தன் முகவரியைப் பிறர் கூறக் கேட்டு அறிகின்றது.

எஞ்சியது மின் கொடுக்கும் ஒழுங்கு. பீற்றர் சென் அதற்கு ஒரு பொது நூலகத்தை 2016 இலும் 2017 இலும் பலமுறை திருத்தி முன்வைத்தார். கருத்தொற்றுமை ஏற்படாமையால் அது லினக்ஸிற் சேரவில்லை.

இருபிறப்பி

2020 செப்டெம்பரில் கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த மத்தியாஸ் கேல்க்கே ஒரு புதிய இயக்கியை முன்வைத்தார். குவால்கொம் செயலியுடைய குரோம்புக் மடிக்கணினிகளில் இருந்த ரியல்டெக் ஆர்.டி.எஸ். 5411 என்னும் குவியனே அதற்குக் காரணமாயிற்று. இருபதுக்கு மேற்பட்ட முறை திருத்தப்பெற்ற பின்னர், 2022 அக்டோபரில் வெளியான லினக்ஸ் 6.0 இல் அது இடம்பெற்றது.

அதன் அமைப்பு நுட்பமானது. பறவை முட்டையாக ஒருமுறையும் குஞ்சாக ஒருமுறையும் பிறத்தலின் அதனை இருபிறப்பு என்றனர் முன்னோர். இவ்வியக்கியும் குவியனுக்கு இருபிறப்பு அளிக்கின்றது. மேலுள்ள வாயிலை ஆளும் மென்பொருள், மரத்தில் அவ்வாயிலின் கீழ் அறிந்த குவியன் ஒன்று எழுதப்பட்டுள்ளதா என நோக்குகின்றது. உளதாயின், குவியன் இன்னும் பேசாதிருக்கும்போதே அதன் சார்பாக ஓர் உருவை ஆக்குகின்றது. இயக்கியின் முதற்பாதி அவ்வுருவைப் பற்றிநின்று சீராக்கியைத் திறந்து, மீளமைப்புக் கம்பியை விடுவிக்கின்றது. இது முதற் பிறப்பு. விழித்த குவியன் யூ.எஸ்.பி. மரபுப்படி தன்னை அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பை ஏற்று வரும் இரண்டாம் பாதி, முதற்பாதியோடு இணைகின்றது. இது இரண்டாம் பிறப்பு. உரை தொடங்கியதைக் காண்டல் நிறைவுசெய்கின்றது. வட்டம் அறுபடுகின்றது.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. யூ.எஸ்.பி. மூன்றாம் பதிப்புக் குவியன் வெளிப்பார்வைக்கு ஒரு சில்லாயினும், கணினிக்கு இரண்டு குவியன்களாகத் தோன்றும்: ஒன்று பழைய வேகத்துக்குரியது, மற்றொன்று புதிய வேகத்துக்குரியது. இரண்டுக்கும் மின்வழி ஒன்றே. ஒன்று ஓய்வுகொள்ளும்போது மின்னை நிறுத்தினால் மற்றதும் மாளும். ஆதலின் மரத்தில் இரண்டு கணுக்கள் எழுதப்பட்டு, ஒவ்வொன்றும் மற்றதைத் தன் இணைக்குவியன் எனச் சுட்டுகின்றது. இயக்கி இரண்டையும் ஒரே பொருளாகக் கொண்டு மின்னை ஆள்கின்றது.

இதனால் விளைந்த பயன், குவியன் விழித்தது மட்டுமன்று. கணினி துயிலச் செல்லும்போது, குவியனின் கீழே அதனை எழுப்புதற்குரிய விசைப்பலகை முதலிய சாதனம் உளதா என இயக்கி நோக்குகின்றது. இல்லையாயின் மின்னை நிறுத்துகின்றது. எப்போதும் மின் வேண்டுவோர் அவ்வாறு அமைத்துக்கொள்ளவும் இடமுண்டு. சீராக்கி இன்னது என்னும் உண்மை மரத்தில்; அதனை எப்போது மூடுவது என்னும் முடிவு இயக்கியில். இரண்டும் தத்தம் இடத்தை அடைந்தன.

பின்னர் வேறு நிறுவனங்களின் குவியன்கள் பலவும் இவ்வியக்கியின் பட்டியலிற் சேர்ந்தன. குவியனல்லாத யூ.எஸ்.பி. சாதனங்களுக்கும் இதே இடர் உண்டென்பது தெளிவாகவே, 2024 இல் வெளியான 6.10 ஆம் பதிப்பில் இயக்கியின் பெயரிலிருந்த குவியன் என்னும் சொல் நீங்கி, சாதனம் என்னும் சொல் அமர்ந்தது. அடுத்து வந்த 6.11 ஆம் பதிப்பில், மின் கொடுக்கும் ஒழுங்குக்கென ஒரு பொதுப் பகுதியும் லினக்ஸிற் சேர்ந்தது. கம்பியில்லா வலையமைப்புச் சில்லுகளின் தேவையே அதற்கு உடனடிக் காரணமாயினும், முன்னர் ஏற்கப்படாத எண்ணம் வேறு வடிவிற் கைகூடியமையை வரலாற்று மாணாக்கர் நோக்கத்தக்கது.

முடிவுரை

இவ்வரலாறு உணர்த்துவது யாது? கருதல் பிழைத்தது, ஆதலின் காண்டலை நாடினர். காண்டல் வென்றபோது உரை வேண்டா என்றனர். ஆயின் எந்தக் காட்சிக்கும் முன்னே ஒளி வேண்டும். அவ்வொளியை ஏற்றுவதற்கு, விளக்கு எங்கே உளது என்று அறிந்தவர் சொல் வேண்டும். பலகையை ஆக்கியவரே அதனை அறிந்தவர். அவர் தம் வசதிக்காகச் சிறிது மாற்றி எழுதினும், அதன் விளைவைச் சுமப்பவர் எங்கோ இருந்து அப்பலகையைப் பயன்படுத்துவோர். உரை அளவையாதற்கு உரைப்பவன் மெய்யன் ஆதல் வேண்டும் என்று தருக்க நூலார் விதித்தது இதன்பொருட்டே. ஆக்கிய நிறுவனம் ஒரு பலகையை மறந்த பின்னரும், மெய்யாக எழுதப்பட்ட மரம் லினக்ஸினுள் நின்று, புதிய பதிப்புகளுக்கும் அப்பலகையை அறிமுகப்படுத்துகின்றது. பழைய கணினிகளைக் கொண்டே கற்பிக்க வேண்டிய பள்ளிகளுக்கு இது சிறு நன்மையன்று.

இதனை நூலளவில் விடாது கண்ணாற் காண விரும்பும் மாணாக்கர்க்கு வழி உண்டு. லினக்ஸ் இயங்கும் ராஸ்பெரி பை போன்ற பலகையில், ப்ரொக் என்னும் கோப்புறையினுள்ளே சாதன மரம் முழுவதும் கோப்புறைகளாகவும் கோப்புகளாகவும் விரிந்து கிடக்கின்றது. ஒவ்வொரு கோப்புறையும் ஒரு கணு. ஒவ்வொரு கோப்பும் ஒரு பண்பு. அதனைத் திறந்து, எழுதப்பட்டவை எவை, பலகையில் உள்ளவை எவை என்று ஒப்புநோக்குதல் நல்ல பயிற்சியாகும்.